ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஒலிம்பியா

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒலிம்பியா நான்கு முறை இருக்கிறது. நான்கும் காந்தம் ஒட்டிய பீங்கான் சில்லுகள். ஒன்றில் தூண்கள், ஒன்றில் வட்டு எறிகிறவன், ஒன்றில் ஆலிவ் கிளை, கடைசியாக வாங்கியதில் ஒரு கழுதை. கழுதைக்கும் ஒலிம்பியாவுக்கும் என்ன தொடர்பு என்று என் கணவன் வெண்டெலிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. டொலீடோவில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போது பார்ப்பார்கள்.

"கிரீஸ் போயிருக்கீங்களா?"

"நாலு தடவை," என்பான் வெண்டெல், பாலைத் தானே கறந்ததுபோல.

பொய் இல்லை. நாங்கள் போன கப்பல்கள் நான்கு முறையும் கட்டாக்கோலோ துறைமுகத்தில் நின்றன. நான்கு முறையும் வெண்டெல் இறங்கினான். இறங்கி, தண்ணீரோரம் இருக்கும் முதல் காபிக் கடையில் உட்கார்ந்தான். அங்கே வைஃபை இலவசம். முதல் முறை மழை. அடுத்த முறை முழங்கால். அதற்கடுத்த முறை பேஸ்பால் ஸ்கோர். நான்காவது முறை காரணம் கேட்க எனக்கே தோன்றவில்லை. கப்பலுக்குத் திரும்பும் வழியில் ஒரு காந்தம் வாங்குவான். ஒலிம்பியா அந்தக் கடையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

நானும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். "நீ வேணா போய்ட்டு வாயேன்" என்பான். அதைச் சொல்வதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறான். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் போனால், ஊர் திரும்பும்வரை சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட என் பக்கம் நகர்த்த மாட்டான்.

எனக்கு ஒலிம்பியாவில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. பள்ளியில் நான் ஓட்டக்காரி. உடை மாற்றும் அறைச் சுவரில் எங்கள் பயிற்சியாளர் மிஸ் ப்ரூவிட் ஒரு படம் ஒட்டியிருந்தார். ஒலிம்பியா ஓட்டக்களத்தின் தொடக்கக் கோடு. கோடு என்றால் சுண்ணாம்பு இல்லை, தரையில் பதித்த நீளமான கல். கால்விரல் பிடிப்பதற்காக அதில் இரண்டு பள்ளங்கள் வெட்டியிருக்கும். "எவனோ கால் வச்சுட்டுப் போன இடம்டி. ஒரு நாள் நீங்க போய் வைங்க," என்பார். அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கழுதை வேண்டாம்.

ஐந்தாவது முறை, கட்டாக்கோலோவுக்கு முந்தைய நாள் சாப்பாட்டில், எங்கள் மேசையில் டுவைட்டும் போனியும் இருந்தார்கள். நெப்ராஸ்காக்காரர்கள். டுவைட் மாட்டுத் தீவனம் விற்று ஓய்வு பெற்றவர். அவர்களுக்கு இதுதான் முதல் கப்பல். அடிக்கடி வருகிற பயணிகளுக்குக் கப்பல் கம்பெனி தரும் வைர அட்டை வெண்டெலின் கழுத்தில் தொங்குவதைப் பார்த்து இருவரும் வாரம் முழுக்க அவனிடம் எல்லாவற்றையும் கேட்டார்கள். எந்த லிஃப்ட் வேகமானது, எந்த மாடியில் வறுத்த கோழி, எந்தப் பக்கம் வெயில் விழாது. இவை எல்லாம் வெண்டெலுக்கு உண்மையிலேயே தெரியும்.

"ஒலிம்பியா டூருக்குக் கப்பல்காரன் என்னா விலை சொல்றான் பாத்தியா?" என்றார் டுவைட். "அந்தக் காசுக்குக் கல்லையே வாங்கிட்டு வந்துடலாம்."

"அதெல்லாம் புதுசா வர்றவங்களைப் புடிக்கிற வலைப்பா," என்றான் வெண்டெல்.

"ஏன் வெண்டெல், நீங்களே எங்களைக் கூட்டிட்டுப் போகலாமே?" என்றாள் போனி. "நாலு தடவை பாத்தவரு!"

வெண்டெலின் முள்கரண்டி வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. என்னைப் பார்த்தான். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன்.

"ஆர்லிக்கு வெயில் ஒத்துக்காது," என்றான் என்னைக் காட்டி.

"ஒத்துக்கும்," என்றேன்.

கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு. வெண்டெல் கொள்கையாகவே அதைக் கட்டுவதில்லை. அதனால் அவனால் எதையும் படித்துக்கொள்ள முடியவில்லை. காலையில் துறைமுகத் தெருவில் நடந்தபோது காபிக் கடையைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊர்ப் பெயர் எழுதிய அவனுடைய தொப்பியைக் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"டொலீடோ! வாங்க வாங்க! அதே மேசைதானே?"

"ஊரே உன்னை ஞாபகம் வச்சிருக்குய்யா!" என்று டுவைட் அவன் முதுகில் தட்டினார்.

ஒலிம்பியாவின் வாசலில் ஒரு பலகை இருந்தது. உரிமம் பெற்ற வழிகாட்டிகள் மட்டுமே உள்ளே விளக்கம் சொல்லலாம் என்று பல மொழிகளில் எழுதியிருந்தது. வெண்டெல் பலகைகளைப் படிப்பதில்லை. கப்பலில் அதற்கு அவசியம் வந்ததில்லை. யாராவது சிரித்த முகத்தோடு வந்து சொல்லிவிடுவார்கள்.

உள்ளே நல்ல வெயில். அவன் கப்பலிலிருந்து எடுத்து வந்த நீலக் கோடு போட்ட குடையை விரித்துத் தூக்கிப் பிடித்தான். முதலில் வந்த இடத்தில் இரண்டு வரிசையாகத் தூண்கள் நின்றன, நடுவில் பெரிய முற்றம். மல்யுத்தம் பழகிய இடம் என்று பக்கத்துப் பலகை சொன்னது. டுவைட்டும் போனியும் வெண்டெலின் வாயைப் பார்த்தார்கள். அவன் முற்றத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது. தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான்.

"இதுதான் அவங்க புஃபே," என்றான்.

"அப்படியா!" என்றாள் போனி.

"சுத்தி நிக்குது பாருங்க, ரெண்டு வரிசை. வெளி வரிசையில கியூ. உள் வரிசையில பரிமாறுறவன். நடுவுல உக்காந்து சாப்புட வேண்டியது. ஆயிரம் பேருக்குச் சோறு போடணும்னா வேற வழியே இல்ல. இன்னிக்கு வரைக்கும் யாராலயும் இதை மாத்த முடியல."

டுவைட் தலையை ஆட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. சொல்லப்போனால் எனக்கும் ஒரு கணம் நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு வெண்டெலைப் பிடிக்க முடியவில்லை. தூண்கள் பிஸ்கட் அடுக்குபோலச் சரிந்து கிடந்த ஜீயஸ் கோயிலை நாடக அரங்கம் என்றான். "பின்னாடி வரிசைக்குத் தூண் மறைக்குதுன்னு கம்ப்ளெயின்ட். அதான் தள்ளி விட்டுட்டாங்க." வட்டமாக இருந்த கட்டடம் மது பார். "வட்டமா இருந்தாத்தான் எந்தப் பக்கத்துலேருந்தும் ஆர்டர் குடுக்கலாம்." பூசாரிகள் இருந்த இடம் வைர அட்டைக்காரர்களின் ஓய்வறை. அதைச் சொல்லும்போது தன் அட்டையை லேசாகத் தொட்டுக்கொண்டான்.

தூக்கிப் பிடித்த குடைக்கு ஒரு குணம் உண்டு. அதன் பின்னால் ஆள் சேரும். டாக்ஸியில் தனியாக வந்த எங்கள் கப்பல் பயணிகள் முதலில் சேர்ந்தார்கள். பிறகு வேறு கப்பல்களின் பயணிகள். திரும்பிப் பார்த்தபோது ஒரு ஊர்வலமே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் புரிந்தது. ஒரு அம்மாள் தன் கணவரிடம், "வரலாறு இவ்வளவு சுலபம்னு பள்ளிக்கூடத்துல சொல்லவே இல்லையே," என்றாள்.

கொஞ்ச தூரத்தில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிரேக்கப் பெண் இன்னொரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கப்பல்காரர்களிடம் காசு கட்டிய கூட்டம். அவள் கழுத்திலும் ஒரு அட்டை, புகைப்படத்தோடு. அவள் கி.மு. என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அவள் கூட்டத்திலிருந்து ஒருவர் மெல்ல நகர்ந்து எங்கள் குடைக்குக் கீழே வந்தார்.

ஒரு மேட்டின் மேல் வரிசையாகச் சிறு கட்டடங்களின் அடித்தளங்கள் தெரிந்தன. "பால்கனி கேபின்," என்றான் வெண்டெல். "கீழ இருக்கிறவனுக்கு ஜன்னல் மட்டும்."

அந்த வரிசை முடியும் இடத்தில் கல் வளைவு போட்ட ஒரு வழி இருந்தது. அம்புக்குறியோடு பலகை. ஓட்டக்களம்.

"வெண்டெல்," என்றேன். "ஓட்டக்களம் எங்கே?"

அவன் வியர்த்திருந்தான். நடந்தது போதும் என்று அவன் முழங்கால் முடிவு செய்திருந்தது அவன் நிற்கும் விதத்திலேயே தெரிந்தது.

"அது இப்ப இல்ல, கண்ணு. எல்லாம் மண்ணுக்குள்ள போயிடுச்சு," என்றான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அவ்வளவுதாங்க, மிச்சம் ஒண்ணும் இல்ல. எல்லாரும் வந்த வழியே திரும்பலாம்."

கூட்டம் கைதட்டியது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்து, மடித்த நோட்டு ஒன்றை வெண்டெலின் சட்டைப் பையில் சொருகினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வெண்டெல் குனிந்து வணங்கினான்.

வைக்கோல் தொப்பிப் பெண் அப்போது எங்கள் எதிரில் நின்றாள். அட்டையில் ஸ்டமாத்தியா என்று எழுதியிருந்தது.

"வணக்கம் சார். உங்க வழிகாட்டி உரிமத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

வெண்டெல் தன் அட்டையைத் தூக்கிக் காட்டினான். கப்பலில் அதைக் காட்டித் திறக்காத கதவு இல்லை.

"இது கப்பல் அட்டை சார்."

"வைரம்மா அது," என்றார் டுவைட். "நல்லாப் பாரு."

"சார், இந்த வேலைக்கு நாங்க வருஷக் கணக்குல படிச்சு, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கியிருக்கோம். உரிமம் இல்லாம செஞ்சா இங்க போலீஸ் கேஸ்."

"நான் வழிகாட்டியே இல்லம்மா!"

"குடை புடிச்சீங்க. ஆள் சேத்தீங்க. விளக்கம் சொன்னீங்க." அவள் கண் அவன் சட்டைப் பைக்குப் போனது. நோட்டின் ஒரு முனை எட்டிப் பார்த்தது. "கூலியும் வாங்கிட்டீங்க."

கழுத்தில் விசில் தொங்கிய காவலர் ஒருவரும் வந்து சேர்ந்தார். கூட்டம் எப்படிச் சேர்ந்ததோ அதைவிட வேகமாகக் கரைந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரரைக் காணவே இல்லை.

போலீஸ் என்றதும் வெண்டெலின் முகம் வெளுத்தது. எனக்குக் காரணம் தெரியும். நேப்பிள்ஸில் கப்பல் கிளம்பும் நேரத்துக்குத் துறைமுகத்தில் ஒரு வயதான தம்பதி மூட்டைகளோடு ஓடி வந்தார்கள். மேல்தளத்தில் பீரோடு நின்று, "ஓடு தாத்தா, ஓடு!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் வெண்டெல். அவர்கள் சேர்வதற்குள் ஏணியை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். இவனும். போலீஸ் பிடித்து உட்கார வைத்தால் கப்பல் இவனுக்காகவும் நிற்காது.

"இங்க பாருங்க," என்றான். குரல் இறங்கியிருந்தது. "நான் இந்த இடத்துக்கு வந்ததே இல்ல. இதான் முதல் தடவை. நான் சொன்னது ஒண்ணு விடாம நானா அடிச்சு விட்டது."

நாற்பது வருடத்தில் நான் அவனிடம் கேட்ட மிக நேர்மையான பேச்சு அது. டுவைட் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாத்தியா போனி? கண்ணைக்கூடச் சிமிட்டாம எப்படி ஒரு போடு போடுறான் பாரு!"

போனி அவன் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, ஸ்டமாத்தியா மேல். "ஏம்மா, உங்களுக்குப் பொறாமை! அவரு நாலு தடவை வந்தவரு. நாங்க கப்பல்ல ஏறின நாள்லேருந்து சொல்லிட்டிருக்காரு. உங்க ஆளுங்க உங்களை விட்டுட்டு ஏன் இவருகிட்ட வந்தாங்க? அதைக் கேளுங்க!"

"போனி, தயவு செஞ்சு வாயை மூடு," என்றான் வெண்டெல்.

"பெரிய மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க," என்றாள் போனி காவலரிடம்.

காவலர் நெற்றியைத் தேய்த்தார். "இவர் வந்ததே இல்லைங்கிறார். இவங்க நாலு தடவைங்கிறாங்க. யார் சொல்றதை எழுதிக்கிறது?"

"அவன் பொண்டாட்டி நிக்கிறாளே, அவகிட்ட கேளுங்க," என்றார் டுவைட்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெண்டெலும் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவனை விட்டுவிடுவார்கள். டுவைட்டுக்கும் போனிக்கும் முன்னால் அவன் மானம் போகும். நாங்கள் நால்வரும் உடனே பஸ் ஏறுவோம். அவன் காபிக் கடையில் உட்கார்ந்து எங்களோடு பேசாமல் இருப்பான். நான் ஐந்தாவது காந்தத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

கல் வளைவு என் இடது கைப்பக்கம் இருந்தது. உள்ளே நிழல். மறுமுனையில் வெளிச்சம்.

"நாலு தடவை," என்றேன். "ஒவ்வொரு தடவையும் காந்தம் வாங்கிட்டு வந்திருக்காரு. வீட்டுல இருக்கு, போட்டோ வேணும்னா காட்டுறேன்."

வெண்டெலின் வாய் திறந்தது. மூடவில்லை. காவலர் அவன் முழங்கையைப் பிடித்தார், மரியாதையாகத்தான். சாட்சி சொல்ல டுவைட்டும் போனியும் கூடவே போனார்கள். "நீ கவலைப்படாதே ஆர்லீன், நாங்க விட மாட்டோம்!" என்று போனி திரும்பிக் கத்தினாள். விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

வளைவுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தேன். மண்ணுக்குள் போய்விட்ட ஓட்டக்களம் மண்ணுக்கு மேல் நீளமாக, வெறுமையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் புல் சரிவு. வேறு ஒன்றுமே இல்லை. தொடக்கக் கல் படத்தில் பார்த்ததைவிடத் தேய்ந்திருந்தது. பல பேர் வரிசையில் நின்று அதில் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நகர்ந்த பிறகு நான் செருப்பைக் கழற்றினேன். கல் சுட்டது. பள்ளத்தில் விரலை வைத்தேன். என் விரல்களுக்கு அது கொஞ்சம் அகலம்.

சரிவின் ஓரத்தில் ஸ்டமாத்தியா தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். "போட்டி நடக்கும்போது கல்யாணமான பொம்பளைங்க இந்த இடத்துக்கே வரக் கூடாது. ஆத்தைத் தாண்டினாலே மலை மேலேருந்து தள்ளி விடணும்னு சட்டம்."

பிறகு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்தாள்.

"நீங்க அவரோட மனைவிதானே?"

"ஆமா."

"அவரை வாசல் ஆஃபீஸ்ல உக்கார வச்சிருக்காங்க."

"தெரியும். எவ்வளவு நேரம் ஆகும்?"

"மேலதிகாரி வரணும். கொஞ்சம் ஆகும்." அவளுக்குச் சங்கடமாக இருந்தது. "நீங்க வேணா போய்..."

"அவசரம் இல்ல," என்றேன். "நிதானமாவே விசாரிக்கட்டும்."

அவள் என் வெறும் காலைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். ஒரு சிரிப்பு வந்ததை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு, தன் கூட்டத்திடம், "எல்லாரும் கொஞ்சம் ஓரமா வாங்க, இவங்க ஓடப் போறாங்க," என்றாள்.

ஓடினேன். முழுதும் இல்லை. பாதி தூரம் ஓட்டம், மிச்சம் நடை. மூச்சு வாங்கியது, இடுப்பு வலித்தது. மறுமுனையில் புல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெண்டெலை விட்டுவிட்டார்கள். எப்படி என்று பஸ்ஸில் டுவைட்தான் சொன்னார். மேலதிகாரி அவனை வெளியே அழைத்துப் போய், தூண் வரிசையைக் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். வெண்டெலுக்கு வேறு பதில் தெரியவில்லை. புஃபே என்று சொல்லியிருக்கிறான். அதிகாரி காவலரைப் பார்த்தாராம். இருவரும் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்து, அவன் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்களாம். இந்த ஆள் எந்தக் காலத்திலும் வழிகாட்டியாக இருந்திருக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்களாம்.

"எப்படி ஏமாத்தினான் பாத்தியா ஆர்லீன்?" என்றார் டுவைட். "எல்லாம் தெரிஞ்ச மனுஷன், ஒண்ணுமே தெரியாதவன் மாதிரி நின்னான். மூஞ்சியைப் பாக்கணுமே! அப்படியே வடிகட்டின முட்டாள்!"

வெண்டெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றைய சாப்பாட்டுக்குள் கப்பல் முழுக்கக் கதை பரவிவிட்டது. கிரேக்கப் போலீஸுக்குத் தண்ணி காட்டியவன் என்று பக்கத்து மேசைகளிலிருந்து எழுந்து வந்து கை குலுக்கினார்கள். யாரோ ஒயின் அனுப்பினார்கள். வெண்டெல் முதல் கோப்பைவரை உம்மென்று இருந்தான். இரண்டாவது கோப்பையில் அதிகாரியின் முகத்தை நடித்துக் காட்டினான். மூன்றாவதில் அதெல்லாம் தன் திட்டம்தான் என்று அவனே நம்பத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது.

"அடுத்தது குஷாதாசி," என்றாள் போனி. "பக்கத்துலயே பழைய நகரம் எபேசஸ் இருக்கே! அங்கேயும் எங்களைக் கூட்டிட்டுப் போறீங்க. இந்த மூணு மேசையும் வருது, நான் பேசிட்டேன்."

"எபேசஸ் எத்தனை தடவைப்பா?" என்றார் டுவைட்.

குஷாதாசியில் எங்கள் கப்பல் நின்ற ஒவ்வொரு முறையும் நாங்கள் கம்பளக் கடையில் இருந்தோம். அங்கே ஆப்பிள் டீ இலவசம்.

வெண்டெல் கோப்பையைக் கீழே வைத்தான். மெதுவாக என் பக்கம் திரும்பினான். மேசைக்குக் கீழே அவன் கை என் முட்டியைத் தேடியது.

"ஆர்லிக்கு ரொம்ப நடக்க முடியாது," என்றான். "இன்னிக்கே பாவம், தனியா எங்கேயோ உக்காந்துட்டா."

என் காலணிக்குள் விரலிடுக்கில் இன்னும் மண் இருந்தது. நான் அதைக் கழுவவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றேன். உப்பு ஜாடி வெண்டெலின் பக்கம் இருந்தது. நான் கேட்காமலே எடுத்து என் முன்னால் வைத்தான். "எபேசஸ்ல பெரிய நூலகம் ஒண்ணு நிக்குதாமே வெண்டெல். அது கப்பல்ல எத்தனாவது மாடின்னு நாளைக்கு நல்லா யோசிச்சு வை."